மேலே உள்ள சின்னக் கோடு

என் கணினியில் ஓர் ஒலிப்பதிவு இருக்கிறது. நீளம் ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம். அதில் எனக்குத் தேவைப்பட்டவை இரண்டே சொற்கள்தான். ஒன்று "போச்சு". இன்னொன்று "வந்துட்டு". இரண்டுக்கும் நடுவே இரண்டு விநாடிகூட இல்லை. அவை சொல்லப்பட்ட நேரத்தை மட்டும் குறித்துக்கொண்டு, மீதியைக் கேட்காமல் இரண்டு வருடம் வைத்திருந்தேன். அழிக்கவும் இல்லை, மறுபடி திறக்கவும் இல்லை. வேறு ஏதாவது கோப்பைத் தேடும்போது அதன் பெயர் கண்ணில் படும். உடனே பக்கத்தை மேலே தள்ளிவிடுவேன்.

குரல் ஆபரேட்டர் அண்ணாச்சியுடையது. சாகுபுரத்தில் ரசாயனத் தொழிற்சாலையில் ஆபரேட்டராக இருந்தார். எங்கள் வாட்ஸப் குழுவில் எல்லோரும் அவரை அப்படித்தான் அழைத்தோம். நான் தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஆபீஸில் கப்பல் சரக்குகளுக்கான ஆவணங்கள் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். எனக்கும் அவருக்கும் பழக்கம் உண்டானது இணையத்தில்தான். தொலைநோக்கியின் கண்ணாடியில் உப்புக்காற்றுப் படிந்தால் எப்படித் துடைப்பது என்று நான் ஒரு பக்கத்தில் ஆங்கிலத்தில் கேட்டிருந்தேன். யார் யாரோ எந்தெந்த நாட்டிலிருந்தோ பதில் சொன்னார்கள். கடைசியாகத் தமிழில் ஒரு பதில் வந்தது: "தங்கச்சி, துடைக்காதீங்க. கீறல் விழுந்துரும். காய்ச்சி வடிச்ச தண்ணியில முக்கி எடுத்து, நிழல்ல காய விடுங்க." ஐந்து வருடப் பழக்கத்தில் நேரில் சந்தித்தது நான்கு முறை. மற்றபடி அவர் எனக்கு ஒரு குரல். எழுதுவதற்குச் சோம்பல்பட்டு எல்லாவற்றையும் குரல் செய்தியாகவே அனுப்புவார். பின்னணியில் எப்போதும் ஏதாவது மின்விசிறியோ குக்கர் விசிலோ கேட்கும்.

எங்கள் குழு செய்துவந்த வேலையைச் சொல்ல வேண்டும். சூரியனைச் சுற்றிவரும் சிறுகோள்களில் ஒன்று சில சமயம் தொலைவில் உள்ள ஒரு விண்மீனுக்குக் குறுக்கே போகும். அப்போது அந்த விண்மீன் ஓரிரு விநாடிகள் அணைந்து மறுபடி எரியும். சிறுகோளின் நிழல் பூமியில் எந்த ஊர்கள் மேல் விழும் என்பதை இணையத்தில் வரைபடமாகவே போடுகிறார்கள். அந்த நிழல் பாதையில் வடக்குத் தெற்காக ஆட்கள் தள்ளித் தள்ளி நின்று, விண்மீன் மறைந்த நொடியையும் திரும்பிய நொடியையும் குறித்து அனுப்பினால், ஒவ்வொருவருடைய நேரமும் ஒரு கோடாகும். கோடுகளை அடுக்கினால் யாரும் கண்ணால் பார்க்காத ஒரு பாறையின் உருவம் கிடைக்கும். கேமரா வைத்திருப்பவர்கள் படம் பிடிப்பார்கள். எங்களைப் போன்றவர்கள் செல்போனில் ஒலிப்பதிவைப் போட்டு, பக்கத்தில் விநாடிக்கு ஒரு தரம் ஒலிக்கும் கடிகாரத்தை வைத்துக்கொண்டு, மறையும்போது "போச்சு" என்றும் திரும்பும்போது "வந்துட்டு" என்றும் வாயால் சொல்லுவோம். குழுவில் யார் எங்கே நிற்பது என்று பிரித்துக் கொடுப்பது என் பொறுப்பு.

அந்த மாசி மாத நிகழ்வுக்கு நான்கு இடங்கள் ஒதுக்கியிருந்தேன். விளாத்திகுளத்தில் ஒரு வாத்தியார், தூத்துக்குடி உப்பளத்தில் நான், சாகுபுரத்தில் அண்ணாச்சி, சாத்தான்குளத்தில் மருந்துக்கடை வைத்திருக்கும் ஒருவர். முந்தின நாள் மாலை கணிப்பைத் திருத்திப் போட்டார்கள். நிழல் கொஞ்சம் வடக்கே நகர்ந்திருந்தது. அதன் வட விளிம்பு சரியாக விளாத்திகுளத்தை ஒட்டிப் போனது. விளிம்பில் நிற்கும் ஆள்தான் முக்கியம். ஆனால் வாத்தியார் வீட்டில் அன்று ஒரு சாவு, அவரால் முடியவில்லை. நான் அண்ணாச்சிக்குப் போன் போட்டேன். அவர் வேலையில் இருந்தார். இரவு பத்து மணிக்கு ஷிப்டு முடியும் என்றார். வரைபடத்தைப் பார்த்துக்கொண்டே அங்கே போக முடியுமா என்று கேட்டேன்.

"அதுக்கென்ன தங்கச்சி, ரெண்டு மணி நேர ரோடு. போயிட்டு வாரேன்."

இரவு முழுக்க விழித்து, விடிகாலையில் அதே தூரத்தைப் பைக்கில் தனியாகத் திரும்ப வேண்டுமே என்பது எனக்குத் தோன்றவில்லை. பகலில் தூங்கினீர்களா என்று கேட்கவில்லை. என் கண்ணுக்கு வரைபடத்தில் ஒரு புள்ளி காலியாக இருந்தது. அதை நிரப்பிவிட்டேன்.

விடிய இரண்டு மணி நேரம் இருக்கையில் விண்மீன் மறைந்தது. உப்பளத்தில் எனக்கு நான்கு விநாடிகளுக்கு மேல் இருட்டாக இருந்தது. சாத்தான்குளத்தில் மேகம். ஐந்து ஐம்பத்தொன்றுக்குக் குழுவில் அண்ணாச்சியின் ஒலிப்பதிவு வந்து விழுந்தது. கூடவே, அவருக்கு வழக்கமில்லாத வகையில், எழுத்தில் ஒரு செய்தி: "கிடைச்சிட்டு. ரெண்டு செகண்டுக்குள்ளதான். டீ குடிச்சாச்சு, கிளம்புதேன்." நான் கைதட்டும் படம் ஒன்றைப் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கினேன். ஒன்பது மணிக்கு எழுந்தபோது போனில் பதினொரு அழைப்புகள் தவறியிருந்தன. குளத்தூர் தாண்டி, சாலையோரம் நின்றிருந்த லாரியின் பின்னால் பைக் மோதியிருக்கிறது. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது.

துக்கத்துக்குப் போனேன். வாசலில் நின்ற கூட்டத்தில் சொந்தக்காரர் ஒருவர், போன் பேசிக்கொண்டே ஓட்டியிருக்கிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். போன் ரோட்டில் நொறுங்கிக் கிடந்ததாம். அவர் மனைவி சுவரோரம் உட்கார்ந்திருந்தார். என்னை அவருக்குத் தெரியாது. நானாகப் போய்ச் சொல்லவும் இல்லை. கூட்டத்தோடு நின்று கும்பிட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு குழு பேச்சிழந்துபோனது. உறுப்பினர் பட்டியலில் அவர் பெயரும் தொலைநோக்கியோடு நிற்கும் படமும் அப்படியே இருந்தன. நீக்க எனக்குக் கை வரவில்லை. ஆறு மாதம் கழித்து, எல்லோருடைய நேரங்களையும் சேர்த்துப் பாறையின் உருவத்தைக் கணக்குப் போடுகிறவர்கள் இரண்டு முறை நினைவூட்டிய பின், அந்த இரண்டு சொற்களின் நேரத்தை அளந்து அவர் பெயரிலேயே அறிக்கை அனுப்பினேன். ஆபீஸில் மேஜையில் இருக்கும்போது சில சமயம் யாரோ "தங்கச்சி" என்று கூப்பிட்டதுபோல இருக்கும். துறைமுக ஊரில் அந்தச் சொல்லைச் சொல்ல ஆயிரம் பேர் உண்டு. ஆனாலும் திரும்பிப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கும்.

இரண்டு வருடம் கழித்து, ஒரு மதிய உணவு நேரத்தில் அவர் மனைவி என் ஆபீஸுக்கு வந்தார். தொழிற்சாலைக் குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டுச் சாத்தான்குளத்தில் அண்ணன் வீட்டோடு இருப்பதாகச் சொன்னார். கையில் மடித்த தாள் ஒன்று. மகள் இணையத்தில் அப்பாவின் பெயரைத் தேடியபோது இந்தப் பக்கம் வந்ததாம், அதில் என் பெயரும் இருந்ததாம். தாளை விரித்தார். உருளைக்கிழங்கு போன்ற ஓர் உருவம். அதற்குள் குறுக்கே, வேறு ஊர்க் குழுக்கள் அனுப்பியவையும் சேர்த்து ஏழெட்டுக் கோடுகள். ஓரத்தில் ஆட்களின் பெயர்கள், ஊர்கள்.

"இதுல அவுக எது?" என்று கேட்டார்.

எல்லாவற்றுக்கும் மேலே இருந்த சின்னக் கோட்டைக் காட்டினேன். அந்தக் கோடு இல்லாவிட்டால் பாறை எங்கே முடிகிறது என்றே தெரிந்திருக்காது என்று சொன்னேன். அவர் விரலை அதன்மேல் வைத்துக்கொண்டார். பிறகுதான் வந்த காரியத்தைச் சொன்னார். அன்று காலை ஐந்து நாற்பத்திரண்டுக்கு அவர் கணவருக்குப் போன் செய்திருக்கிறார். நேரம் அவருக்கு மனப்பாடமாகிவிட்டிருந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கோபமாகக் கேட்டிருக்கிறார். "வண்டிய நிப்பாட்டிட்டுத்தான் பேசுதேன்" என்று பதில் வந்திருக்கிறது.

"ஓட்டிக்கிட்டே பேசினாலும் அப்படித்தான் சொல்லுவாக. அன்னைக்குப் பேசிக்கிட்டு இருக்கும்போதே பெருசா ஒரு ஹாரன் சத்தம். அதோட கட்டாயிட்டு. நான் சிக்னல் இல்லன்னு நெனச்சு அடுப்பப் பாக்கப் போயிட்டேன்." விரலைத் தாளிலிருந்து எடுத்துக்கொண்டார். "நான் கூப்பிடாம இருந்திருந்தா வீடு வந்து சேந்திருப்பாக."

இரண்டு வருடமாக அந்த ஹாரன் சத்தத்தில்தான் அவர் தூங்கி எழுந்துகொண்டிருந்தார்.

போனை எடுத்தேன். குழுவின் பழைய செய்திகளை மேலே தள்ளித் தள்ளி அந்த நாளுக்குப் போனேன். செய்தியையும் கீழே இருந்த நேரத்தையும் அவரிடம் காட்டினேன். ஐந்து ஐம்பத்தொன்று. அவருடைய அழைப்புக்கு ஒன்பது நிமிடம் கழித்து அண்ணாச்சி டீக்கடையில் உட்கார்ந்து எங்களுக்கு எழுதியிருக்கிறார். அவர் வாசித்தார், மறுபடி வாசித்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மூன்றாம் தரம் வாசித்தார். என் போனுக்குள் இரண்டு வருடமாகக் கிடந்த ஒரு வரி. பயந்துகொண்டு ஒதுங்கியிருந்ததில் அதை ஒருநாளும் அவரிடம் கொண்டுபோய்க் கொடுக்க எனக்குத் தோன்றவில்லை.

வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். ஒலிப்பதிவைப் பற்றிச் சொன்னேன். ஆளுக்கு ஒரு காதில் இயர்போனைச் செருகிக்கொண்டு, "வந்துட்டு" என்ற சொல்லிலிருந்து கேட்டோம். அண்ணாச்சி பதிவை நிறுத்த மறந்திருந்தார். ஜிப் இழுக்கும் சத்தம். ஏதோ முணுமுணுப்பு. பைக் கிளம்பியது. பிறகு அரை மணிக்கும் மேல் காற்றும் இன்ஜினும்தான். நான் தாண்டிப் போகக் கையை வைத்தேன். "தள்ளாத. ஓடட்டும்" என்றார். முழுவதும் கேட்டோம். வண்டி நின்றது. கண்ணாடித் தம்ளரில் கரண்டி சுற்றியது. இந்த நேரத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று டீக்கடைக்காரர் விசாரித்தார்.

அண்ணாச்சி சிரித்தார். "ஊரு சாகுபுரம். ஒரு நட்சத்திரம் ரெண்டு செகண்டு காணாமப் போகும்னாக. அத பாக்க வந்தேன்."

"அதுக்கா சாகுபுரத்துலேருந்து வந்தீக?"

"ஆமா. சொன்னது சொன்னபடி போச்சுல்லா. நான் ஒத்த ஆளு பாத்தேன், அந்த இடத்துல."

நீளமாக ஒரு கொட்டாவி. கண் சிவந்து கிடக்கிறது, பெஞ்சில் கொஞ்சம் படுத்துவிட்டுப் போங்கள் என்று கடைக்காரர் சொன்னார்.

"மொதல்ல இத அனுப்பணும். தங்கச்சி காத்துக்கிட்டு இருக்கும்."

உடனே அழைப்பு மணி ஒரு தரம் அடித்தது. அதோடு பதிவு முடிந்தது. அது அவர் மனைவியின் ஐந்து நாற்பத்திரண்டு அழைப்பு. மணி அடிக்கையில் வண்டி நின்றிருந்தது. அந்த அம்மாள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்து அழுதார். மேஜையில் கிடந்த தாள் நனைந்தது. நான் அழவில்லை. அவர் மேலிருந்து இறங்கிய பாரம் எங்கே வந்து உட்கார்ந்தது என்று எனக்குத் தெரியும்.

கணவர் நின்று பார்த்த இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் விளாத்திகுளம் போனோம். அறிக்கையில் நிற்கும் இடத்தை மிகத் துல்லியமாகக் குறிப்பிட வேண்டும் என்பதால் அந்த எண்கள் என்னிடம் இருந்தன. போன் வழிகாட்ட, ரோட்டிலிருந்து இறங்கிக் கரிசல் காட்டுக்குள் நடந்தோம். பருத்தி எடுத்து முடித்த செடிகள் காய்ந்து நின்றன. இன்னும் மூன்று மீட்டர் என்று காட்டிய இடத்தில் எதுவும் இல்லை. வெடித்த மண். எந்தப் பக்கம் பார்த்து நின்றார் என்று கேட்டார். தெற்கே என்றேன். அவர் போய்த் தெற்கே பார்த்து, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். நான் விலகியே நின்றேன்.

"அவுகள இங்கன வரச் சொன்னது நீதானா?"

"ஆமாக்கா."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். அவர் திட்டவில்லை, தேற்றவும் இல்லை. பாதி எனக்கும் பாதி தனக்குமாகச் சொன்னார்: "அந்த டீக்கடைல எம்புட்டுச் சந்தோசமாப் பேசுதாக. வீட்டுல அப்படிப் பேசி நான் கேட்டதில்ல."

மதியம் பஸ் ஏறினோம். அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். குளத்தூர் வந்ததும் எழுந்து நின்று வெளியே பார்த்தார், நானும் குனிந்து பார்த்தேன். பதிவில் கேட்ட அரை மணிப் பயணம் முடிந்தது இங்கேதான் இருக்க வேண்டும். அங்கே மூன்று டீக்கடைகள் இருந்தன. மூன்றிலும் வாசலில் பெஞ்சு கிடந்தது. எந்தக் கடை என்று எங்கள் இருவருக்குமே தெரியவில்லை. பஸ் நிற்காமல் போனது.