லிஃப்ட் மெக்கானிக் சொன்ன பொய்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அவரோடு உட்கார்ந்து சினிமா பார்ப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. ஹீரோ லிஃப்டின் கூரையைத் தள்ளித் திறந்தால் போதும், அத்தான் சோபாவை விட்டு எழுந்துவிடுவார். "அந்த மூடிக்கு வெளிப்பக்கம் பூட்டுடா! உள்ள இருந்து எவனாலயும் தொறக்க முடியாது!" என்று டிவியைத் திட்டுவார். அக்கா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டுவாள். நானும் அவர்கள் மகள் பாப்பாவும் வயிறு வலிக்கச் சிரிப்போம். பாப்பாவுக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் இன்னமும் பாப்பாதான்.

போன வருடம் ஒரு படம் வந்தது. நின்றுபோன லிஃப்டின் கதவைக் கதாநாயகன் இரண்டு கையாலும் பிளந்து, கீழே தெரியும் தளத்தில் குதித்து, சட்டையைத் தட்டிக்கொண்டு நடப்பான். தியேட்டரில் விசில் பறந்தது. அதில் ஒன்று என்னுடையது, மறைப்பானேன். அதன்பிறகு அத்தானின் வேலையே மாறிப்போனது. முன்பெல்லாம் லிஃப்ட் நின்றால் மணியை அழுத்திவிட்டு இவருக்காகக் காத்திருப்பார்கள். இப்போது இவர் போய்ச் சேர்வதற்குள் கதவை நெம்பிவிடுகிறார்கள். ஒரே மாதத்தில் மூன்று கட்டடங்கள்.

"குதிக்கிறது பெரிசில்லடா," என்பார் என்னிடம். "லிஃப்ட் பாதியில நிக்கும்போது அதோட அடிக்கும் தரைக்கும் நடுவுல பெரிய சந்து இருக்கும். குதிச்சவன் தடுமாறிப் பின்னால சாஞ்சான்னா நேரா குழிதான். அந்த நேரம் பார்த்து லிஃப்ட் நகர்ந்துச்சுன்னா..."  அந்த மாதத்திலிருந்து அவருக்கு அடுத்தடுத்து இரண்டு முறை போன் வந்தாலே முகம் வெளிறிவிடும்.

ஒரு சனிக்கிழமை மதியம் நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பாப்பாவிடமிருந்து அவருக்குப் போன் வந்தது. அவள் கம்ப்யூட்டர் படிக்கும் கட்டடத்தில் மூன்றாம் மாடிக்கும் நான்காம் மாடிக்கும் நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே அவளும், பார்சல் கொண்டுவந்த ஒருவரும்.

"அப்பா, காத்து தீர்ந்துடும்னு அந்த அண்ணன் கதவைத் தொறந்துட்டாரு. குதிச்சிடலாம்ங்கறாரு. கீழ இருக்கறவங்களும் குதி குதிங்கறாங்கப்பா."

"காத்தெல்லாம் தீராதும்மா. நீ தரையில உக்காரு. அவரையும் உக்காரச் சொல்லு. அப்பா இதோ வந்துட்டேன்."

நான் வண்டியை எடுத்தேன். பின்னால் உட்கார்ந்து அவர் "உக்காந்துட்டியாம்மா, உக்காந்துட்டியா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். இரண்டாவது சிக்னலில் லைன் அறுந்தது. மறுபடி அடித்தார், எடுக்கவில்லை. "எடும்மா, எடும்மா" என்று என் காதருகே புலம்பிக்கொண்டே வந்தார். 

அவர் தொழிலில் முதல் விதி ஒன்று உண்டு. முதலில் மொட்டைமாடிக்குப் போய் மெயினை நிறுத்த வேண்டும், பிறகுதான் ஆட்களிடம் போக வேண்டும். புதிதாக வேலைக்கு வருபவர்களுக்கு அவர் மண்டையில் குட்டாத குறையாகச் சொல்லித்தருவது அதைத்தான். அன்று அந்த விதி எங்கே போனதோ, நேராக மூன்றாம் மாடிக்கு ஓடினார்.

அங்கே இருபது பேர். பாதிக் கைகளில் போன், எல்லாம் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தன. கதவு பிளந்திருந்தது. நெஞ்சு உயரத்தில் லிஃப்டின் தரை. பார்சல்காரர் கால் இரண்டையும் வெளியே தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தார். அவர் தோளுக்குப் பின்னால் பாப்பா, செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்துக் குதிக்கத் தயாராக நின்றாள். லிஃப்டுக்கு அடியில் இருட்டு.

"குதிக்காதப்பா! கீழ குழி இருக்கு! லிஃப்ட் நகரும்!" என்று கத்தினார் அத்தான்.

"பெரியவரே, ஒதுங்குங்க. படத்துல பார்த்தோமே, ஒண்ணும் ஆவாது. தம்பி, நீ வா, நாங்க புடிச்சுக்கறோம்," என்றார் முன்னால் நின்ற ஒருவர். பார்சல்காரர் கையை ஊன்றி முன்னால் நகர்ந்தார்.

அப்போதுதான் அத்தான் அடித்தொண்டையில், குரல் நடுங்க அலறினார். "கயிறு அறுந்துக்கிட்டு இருக்கு! ஒருத்தர் அசைஞ்சாலும் மொத்தமா விழுந்துடும்! அசையாதீங்க!"

அந்த லிஃப்டுக்குக் கயிறு ஐந்து. ஒன்று மட்டும் இருந்தாலே தாங்கும். சினிமாவில் கயிறு அறுந்து லிஃப்ட் விழும் காட்சி வந்தால், வழக்கமாகத் திட்டுகிற மனிதர் பேச்சே இல்லாமல் அறையை விட்டுப் போய்விடுவார், அவ்வளவு வெறுப்பு. ஆனால் உண்மைக்குக் காது கொடுக்காத கூட்டம் இதைக் கேட்டதும் சுவரோடு ஒட்டிக்கொண்டது. பார்சல்காரர் காலை உள்ளே இழுத்துக்கொண்டார். பாப்பா மூலையில் சுருண்டு உட்கார்ந்து "அப்பா, அப்பா" என்று கத்த ஆரம்பித்தாள். அந்தக் கத்தலைக் கேட்டுக்கொண்டேதான் அவர் மேலே ஓடினார். மெயினை நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுற்றி, லிஃப்டை அங்குலம் அங்குலமாக மூன்றாம் மாடித் தரைக்கு இறக்கினார். நான்தான் பாப்பாவை வெளியே தூக்கினேன். உடம்பு ஜில்லிட்டிருந்தது.

மறுநாளே "கயிறு அறுந்த லிஃப்ட்" என்று வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. கண்ட கண்ட கட்டடத்துக்காரர்களெல்லாம் தங்கள் கயிற்றைப் பார்க்கச் சொல்லி அத்தானைப் பிடுங்கி எடுத்தார்கள். அதையெல்லாம் அவர் சமாளித்துவிட்டார். பாப்பாவைத்தான் சமாளிக்க முடியவில்லை. அன்றிலிருந்து அவள் எந்த லிஃப்டிலும் ஏறுவதில்லை.

போன வாரம் அவளை ஒரு கட்டடத்துக்குக் கூட்டிப்போய், லிஃப்ட் வாசலில் நின்று மன்றாடினார். நானும் கூட இருந்தேன்.

"அன்னிக்குச் சொன்னது பொய்ம்மா. உங்களை அசையவிடாம வைக்கறதுக்காகச் சொன்னேன். கயிறு அறுந்தெல்லாம் விழாது. நம்பும்மா."

பாப்பா அவர் முகத்தையே பார்த்தாள். "பொய்னா உங்க குரல் ஏம்ப்பா அப்படி நடுங்குச்சு?"

அத்தான் லிஃப்ட் பட்டனை அழுத்தினார்.  அவள் படியை நோக்கி நடந்தாள்.  லிஃப்ட் கதவு திறந்து, யாரும் ஏறாததால் தானே மூடிக்கொண்டது. அத்தான் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு படியாக ஏறினார்.