அழையாமல் வந்தவரின் இரண்டு வார்த்தை

இப்போதும் ஏதாவது விழாவில் தட்டில் பொன்னாடையைக் கொண்டுவந்தால், கழிப்பறை எந்தப் பக்கம் என்று என் கண் தேடும். ஐம்பதை நெருங்கும் ஆளுக்கு இது அழகில்லைதான்.

நான் தொடக்கப்பள்ளியில் நான்காம் ஆண்டு படித்தபோது, அக்கா ஜொகூர் பாருவில் பல்கலைக்கழகத் தமிழ் மன்றத்தின் செயலாளர். வெளியாளைப் பேச அழைப்பதென்றால் அடையாள அட்டை நகல், தலைப்பு, பேச்சின் சுருக்கம் எல்லாம் நிர்வாகத்துக்கு முன்கூட்டியே போக வேண்டும். கட்சிக்காரர் கூடவே கூடாது. மீறினால் அழைத்தவரின் படிப்புக்கே ஆபத்து. அதனால் அக்கா மூவாரிலிருந்து ஒரு வயதான டாக்டரைத் தேடிப் பிடித்தாள். தலைப்பு, 'மாணவர்களும் தூக்கமும்'. அதைவிடச் சாதுவான தலைப்பு உலகத்தில் கிடையாது. அதற்கே பல மேசை ஏறி இறங்கித்தான் அனுமதி வந்தது.

டாக்டருக்குப் பொன்னாடை போர்த்தும் பொறுப்பு எனக்கு. பெக்கோக்கில் எங்கள் வீட்டு கேஸ் சிலிண்டருக்கு, எங்கள் பேச்சில் தோம்புக்கு, துண்டு போர்த்திப் பழகினேன். தோம்பு ஒரு தடவைகூடக் குறை சொல்லவில்லை. அப்பாவோ பெருமை தாங்காமல் கோயில் கமிட்டி முழுக்கச் சொல்லிவைத்திருந்தார்.

அதன் பலன் விழா அன்று காரில் வந்து இறங்கியது. எங்கள் வட்டாரக் கட்சித் தலைவர், டத்தோ பட்டம் வாங்கியவர். பின்னால் நாலைந்து சபாரி சட்டைகள். நம்மவர் கூட்டத்துக்குத் தலைவர் அழையாமல் வந்தாலும் முன்வரிசையில் உட்காரவைத்து, பொன்னாடை போர்த்தி, இரண்டு வார்த்தை பேசச் சொல்லியாக வேண்டும். இல்லையென்றால் அவமதித்ததாகிவிடும்.

அப்பா மேடையோரம் வந்தார். "டத்தோ வந்துருக்காரு. ரெண்டு வார்த்தை பேசச் சொல்லும்மா."

"அவர் பேருக்கு அனுமதி வாங்கலப்பா. கட்சி ஆளு மைக்கைத் தொட்டா என் படிப்பு போயிரும்."

"ரெண்டு வார்த்தையில என்னா போயிரும் லா? நாளைக்கு அவரு மூஞ்சியில நான் எப்படி முழிக்கிறது?"

நடுவில் தட்டோடு நான். ஒரே பொன்னாடை, இரண்டு பெரிய மனிதர்கள். தொண்டை வறண்டுவிட்டது, கால்சட்டையும் அப்படியே வறண்டிருக்க வேண்டுமே என்பதுதான் என் பிரார்த்தனை. அப்பாவின் கை என் பிடரியைப் பிடித்துத் திருப்பியது. தோம்பைவிட டத்தோ சுலபம், தானே குனிந்துகொடுத்தார். அப்பாவே மைக்கை எடுத்து நீட்டினார்.

இரண்டு வார்த்தை ஒரு மணி நேரம் ஓடியது. தேர்தல், எதிர்க்கட்சி, மறுபடி தேர்தல். தூக்கத்தைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை, வரவழைத்ததோடு சரி. டாக்டர் தன் குறிப்புத் தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார். பின்வரிசையில் மாணவர் விவகார அதிகாரி அமைதியாக எழுதிக்கொண்டிருந்தார். அக்கா அவரையேதான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

விசாரணையில் அவள் அப்பாவைக் காட்டிக்கொடுக்கவில்லை. ஒரு பருவம் படிப்பை நிறுத்திவைத்தார்கள். உபகாரச் சம்பளம் அடியோடு நின்றது. 'அழைக்காமல் நானாகத்தான் போனேன்' என்று டத்தோ பல்கலைக்கழகத்திடம் இரண்டு வார்த்தை சொன்னால் போதும். அப்பா அவர் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தார். டத்தோ எப்போதும் 'மீட்டிங்கில்' இருந்தார். பின்னாளில் சிங்கப்பூருக்குத் தொழிற்சாலை வேலைக்குப் போன அக்கா, திரும்பப் படிக்கச் சேரவே இல்லை.

விசாரணை முடிந்து அவள் பெட்டியோடு வீட்டுக்கு வந்த அன்று எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கணக்குச் சொல்லித்தர ஆள் கிடைத்தாயிற்று. அப்பா உள்ளே வராமல் வாசலில் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே இருந்தார். நான் தோம்புக்குப் போர்த்திய அந்தத் துண்டை எடுத்துவந்து, பழகிய கைதானே, அக்காவின் தோளில் போர்த்தி, "இப்ப நீங்க ரெண்டு வார்த்தை பேசுங்க" என்றேன்.

அவள் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். வெகுநேரம் துண்டை விலக்கவில்லை. கண்ணாமூச்சி ஆடத்தான் கண்ணை மூடிக்கொள்கிறாள் என்று ஓடிப்போய் கேஸ் தோம்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

யாரும் தேடி வரவில்லை.