பச்சைப் போர்வைக்குள் ஒரு கை

அந்தப் பச்சைப் போர்வையை நினைத்தால் இன்றைக்கும் என் மேலேயே எனக்கு எரிச்சல் வருகிறது. இரண்டாயிரத்துச் சொச்சத்தில் செங்கல்பட்டில் ஸ்கேன் எடுக்கும் வேலையில் இருந்தேன். ஏசி குளிருக்காக எல்லோருக்கும் அதைத்தான் கழுத்துவரை போர்த்துவோம்.

சிங்கப்பெருமாள் கோயில் பக்கமிருந்து ஓர் அர்ச்சகர் வந்தார். மூளையில் கட்டி, வலக்கையை அசைக்கும் இடத்துக்குப் பக்கத்தில். எவ்வளவு பக்கம் என்று தெரியாமல் கத்தி வைக்கமாட்டேன் என்றுவிட்டார் அறுவை செய்யவேண்டிய டாக்டரம்மா. அர்ச்சனை செய்யும் கை அது. ஸ்கேனில் அதைக் கண்டுபிடிக்கும் முறை என்னவோ எளிதுதான். அரை நிமிடம் கட்டைவிரலால் மற்ற விரல்களை வரிசையாகத் தொட வேண்டும்; அரை நிமிடம் கையைச் சும்மா வைக்க வேண்டும். தொட்டபோது எடுத்த மூளைப் படத்திலிருந்து சும்மா இருந்தபோது எடுத்ததைக் கழித்து, அந்தக் கைக்கான இடத்தைக் கணினி சிவப்பாகக் காட்டும்.

எங்கே காட்டியது! இரண்டு முறை எடுத்தும் வெறும் சாம்பல் நிறம். வெளியே காத்திருந்தவர்கள் முணுமுணுக்க, டாக்டரம்மா போனில் குடைய, நான் மைக்கில் கத்தினேன்: "சாமி, சும்மா வைங்கன்னா சும்மா வைக்கணும்!"

"சும்மாத்தானேப்பா வெச்சிண்டிருக்கேன்" என்றார், பாவம்.

மூன்றாம் முறை எங்கள் அட்டெண்டர் அண்ணனை உள்ளே நிறுத்தினேன். போர்வையைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "சார், கை நிக்காம ஆடிகினே கீது சார்! இன்னாவோ எண்ணிகினு கீறாரு!"

ஓய்வு நேரத்தில் மனிதர் பயத்தில் பெருமாள் நாமத்தைச் சொல்லி, கட்டைவிரலால் விரல் கணுக்களைத் தொட்டு எண்ணியிருக்கிறார். அதிலும் தொடுதல், இதிலும் தொடுதல். கழித்தால் என்ன மிஞ்சும்? "ஜபம் பண்றது கையை ஆட்டறதாகுமா தம்பி?" என்று நிஜமாகவே கேட்டார். தலையில் அடித்துக்கொள்ளாத குறைதான். எண்ணவே கூடாது என்று கறாராகச் சொன்னேன். நான்காம் முறை அசையாமல் கிடந்தார். அவர் கண்ணோரம் ஈரமாக இருந்ததை இறக்கிவிடும்போதுதான் கவனித்தேன்.

படம் பளிச்சென்று வந்தது. சிவப்பு, கட்டிக்கு உள்ளேயே இருந்தது. இத்தனை பாடுபட்டு நான் எடுத்துக் கொடுத்தது, உயிர் வேண்டுமா கை வேண்டுமா என்ற கேள்வியைத்தான். சம்மதத் தாளில் அந்தக் கையாலேயே கையெழுத்துப் போட்டார்.

அறுவை முடிந்து வார்டில் போய்ப் பார்த்தேன். அங்கேயும் அதே பச்சைப் போர்வை. வலக்கை மட்டும் வெளியே கிடந்தது. "கொஞ்சம் ஆட்டுங்க சாமி" என்று கெஞ்சினேன்.

"இப்போ சும்மாத்தான் இருக்கு தம்பி" என்றார். குத்திக்காட்டவில்லை, கேட்டதற்குப் பதில் சொன்னார்.

இப்போதெல்லாம் யாரைப் படுக்கவைத்தாலும் கைகளை வெளியே எடுத்து வைத்துவிட்டுத்தான் போர்த்துகிறேன். அன்றைக்கு என்னால் முடிந்தது, அவர் கையைத் தூக்கிப் போர்வைக்குள் வைத்தது மட்டும்தான்.