பத்து லிட்டரும் ஒரு கொண்டை ஊசி வளைவும்

கார் நின்ற இடம் எனக்கு இன்னும் துல்லியமாக நினைவிருக்கிறது. பச்சைமலை ஏறும் பாதையில், உச்சிக்குச் சற்று முன்னால், வலப்பக்கம் திரும்பும் ஒரு கொண்டை ஊசி வளைவு. உள்ளோரத்தில் தார் பெயர்ந்து சரளை கிடக்கும். மன்னி ஏ.சி.யை அணைத்தார், முதல் கியருக்கு மாற்றினார், ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தார். எஞ்சின் அலறியது, வண்டி நடுங்கியது, நின்றுவிட்டது. "இறங்குங்கோ, டெர்மினஸ் வந்தாச்சு" என்றார் மன்னி, திரும்பிப் பார்க்காமல். நானும் செயலாளரும் இறங்கினோம். எடை குறைந்ததும் அந்தச் சின்னக் கார் சரளையில் வழுக்கி வழுக்கி மேலே போனது. மடக்குக் கட்டிலைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் நடந்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமையின் கதை அல்ல. அந்த நாட்களில் எல்லா ஞாயிறுகளிலும் அப்படித்தான்.

மன்னி என்றால் என் அண்ணாவின் மனைவி. புத்தூரில் ஒரு மருத்துவமனையில் பிசியோதெரபிஸ்ட். ஸ்ரீரங்கத்தில் சிலர் சேர்ந்து நடத்திய சிறிய அறக்கட்டளைக்காக, ஞாயிறுதோறும் மலைமேல் ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் சிகிச்சை கொடுத்து வந்தார். பக்கவாதம் வந்தவர்கள், முதுகு பிடித்தவர்கள், நடை பழகும் குழந்தைகள் என்று பத்துப் பேர் தேறுவார்கள். அறக்கட்டளையின் செயலாளர், ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், எப்போதும் கூடவே வருவார். நான் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். ஞாயிறு எனக்கு வார விடுப்பு. படிவம் நிரப்ப ஆள் வேண்டும் என்று மன்னி கூப்பிட்டார், போனேன். போன பிறகுதான் கட்டில் தூக்கும் வேலையும் அதில் அடக்கம் என்று தெரிந்தது.

பெட்ரோல் ஒரு பங்க் உரிமையாளரின் நன்கொடை. வாரம் பத்து லிட்டர். போகவர நூற்றெழுபது கிலோமீட்டர். லிட்டருக்குப் பதினெட்டு கிடைத்துக்கொண்டிருந்ததால் பத்து லிட்டருக்குள் ஊர் திரும்பிவிடுவோம். அதற்கு மேல் ஒரு சொட்டுகூட யாரும் சொந்தமாகப் போடக் கூடாது என்பது செயலாளரின் விதி. கைக்காசு போட்டுச் செய்யும் சேவை இரண்டாம் வருஷம் முகம் சுளிக்கும் என்பார். எனக்கு அது கறாராகப் பட்டது. மன்னி அதை மறுத்ததே இல்லை.

மழைக்குப் பிறகு அந்த வளைவு இன்னும் மோசமானது. ஒருமுறை நாங்கள் இருவரும் இறங்கிய பிறகும் கார் பின்னோக்கி நழுவியது. மன்னி கைப்பிரேக்கை இழுத்து நிறுத்தினார். அன்று திரும்பும் வழியில் செயலாளர் சொல்லிவிட்டார்: இந்த வண்டியால் முடியாதென்றால் மாதம் ஒருமுறை ஜீப் வாடகைக்கு எடுத்துப் போகலாம், வாராவாரம் என்பது நடக்காது. மன்னி அன்று காலை பார்த்த ஒருவரைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்திருக்க வேண்டும். மரவள்ளி பயிரிடும் விவசாயி. பக்கவாதத்தில் வலப்பக்கம் விழுந்தவர். கோல் ஊன்றி வராந்தாவுக்கு வந்துசேரவே அரைமணி ஆகும். செயலாளரின் யோசனை எப்படியோ அவர் காதுக்கு எட்டியிருந்தது. "வாரா வாரம் வந்தாத்தான் டாக்டரம்மா இந்தக் கால் சொன்னபடி கேக்குது. மாசத்துக்கு ஒரு தரம்னா என்னைய மறந்துபுடும்" என்று அடுத்த வாரம் சொன்னார். தான் டாக்டர் இல்லை என்று மன்னி வழக்கம்போலத் திருத்தினார். அவர் வழக்கம்போலக் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆக, தேவை தெளிவாக இருந்தது. வளைவில் ஏறக் கொஞ்சம் சக்தி கூட வேண்டும். பெட்ரோல் பத்து லிட்டரைத் தாண்டவும் கூடாது.

மன்னார்புரத்தில் இருந்த மெக்கானிக்கிடம் போனோம். எல்லோரும் அவரை பாய் என்றுதான் கூப்பிடுவார்கள். மன்னி ஒரு தாளில் கேள்விகளை எழுதிக்கொண்டு வந்திருந்தார்: டர்போ, அகலமான சைலன்சர், திறந்த ஏர் ஃபில்டர். பாய் தாளை வாங்கிப் படித்துவிட்டுச் சிரித்தார். "மேடம், இந்த வண்டிக்கு டர்போ வைக்கிறதும் ஒண்ணுதான், உங்க கட்டிலுக்கு றெக்கை வைக்கிறதும் ஒண்ணுதான். சைலன்சரை மாத்துனா சத்தம் வரும், மலை ஏறாது." எஞ்சினை நடத்தும் சிறு கணினியில், எவ்வளவு பெட்ரோல், எப்போது தீப்பொறி என்ற கணக்கைத் திருத்தலாம் என்றார். ரீமேப் என்று அதற்குப் பெயர். சின்ன எஞ்சினில் அதிசயம் எதிர்பார்க்கக் கூடாது, ஆனால் குறைந்த வேகத்தில் இழுவை கொஞ்சம் தேறும், நிதானமாக ஓட்டினால் மைலேஜ் குறையாது என்றார். பிளக்கையும் ஃபில்டரையும் புதிதாக்கி, பிரேக் எங்கோ லேசாகப் பிடித்துக்கொண்டிருந்ததையும் சரிசெய்தார். அரைநாள் வேலை.

அந்த வாரத்தில் இன்னொன்றும் நடந்தது. அண்ணாவுக்கு இந்த மலைப் பயணமே பிடிக்காமல் இருந்தது. ஞாயிறு ஒருநாள்தான் மன்னி வீட்டில் இருக்க முடியும் என்பது அவர் தரப்பு. அதில் நியாயமும் உண்டு. இரண்டு வருஷமாக அதைப் பற்றி முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தவர், கல்யாண நாளன்று காரை எடுத்துக்கொண்டு போய், பளபளக்கும் அலாய் வீல்களோடு திரும்பி வந்தார். பழையதைவிட ஓர் அளவு பெரியவை. "மலைக்குப் போற வண்டி, அடி தட்டக் கூடாது பாரு" என்றார். அவர் வாயிலிருந்து மலை என்ற சொல் கோபமில்லாமல் வந்தது அன்றுதான். மன்னி நான்கு சக்கரங்களையும் தொட்டுப் பார்த்தார். "ரொம்ப அழகா இருக்கு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வண்டி அதே வளைவில் நின்றது. முன்னைவிடச் சீக்கிரமாகவே நின்றது என்று தோன்றியது. திரும்பி வந்து டேங்கை நிரப்பியபோது பத்து லிட்டருக்கு மேல் வாங்கியது. மீட்டர் காட்டிய தூரத்தை வைத்து வகுத்தால் லிட்டருக்குப் பதினைந்து சொச்சம். அடுத்த ஞாயிறும் அதே. செயலாளர் கணக்கு நோட்டை மூடினார். ஜீப்காரரின் எண் அவர் சட்டைப்பையில் இருந்தது எங்களுக்குத் தெரியும்.

நான் முடிவுக்கு வந்துவிட்டேன். பத்தாண்டு செய்தி எடிட் செய்தவனுக்கு யார் தப்பு செய்தது என்று கண்டுபிடிப்பது பழக்கம். பாயைப் போனில் கூப்பிட்டு, சக்தியும் வரவில்லை, மைலேஜும் போய்விட்டது, என்ன வேலை செய்தீர்கள் என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை, ஆனால் கேள்வியில் பதிலும் இருந்தது. வண்டியைக் கொண்டு வாருங்கள் என்று மட்டும் சொன்னார். இதை மன்னியிடம் பெருமையாகவே சொன்னேன். அவருக்குக் கோபம் வந்தது. "ஒரே வாரத்துல ரெண்டு மாத்தியிருக்கோம். எது தப்புன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சுது? ஒரு பேஷண்டுக்கு மொத நாளே ரெண்டு எக்சர்சைஸ் குடுத்தா, வலி எதனாலேன்னு நான் யாரைக் கேக்கறது?"

மூன்றாவது ஞாயிறு துறையூர் சாலையில் மன்னி என்னிடம் ஒரு வேலை கொடுத்தார். ஓரத்தில் கிலோமீட்டர் கல் வரும்போதெல்லாம் மீட்டரைப் பார்த்து எழுத வேண்டும். எழுதினேன். பதினைந்து கல் தாண்டியபோது மீட்டர் பதினான்குதான் ஓடியிருந்தது. வண்டியை ஓரங்கட்டி என் தாளை வாங்கிப் பார்த்தார். பெரிய சக்கரம் ஒரு சுற்றில் அதிக தூரம் போகிறது. மீட்டரோ பழைய சக்கரம் என்று நினைத்தே சுற்றுகளை எண்ணுகிறது. நாங்கள் இழந்ததாக நினைத்த மைலேஜில் ஒரு பங்கு இழக்கவே இல்லை. மிச்சம் உண்மையான இழப்பு. அதற்கும் காரணம் அதே சக்கரம்தான். பெரிய சக்கரத்தைச் சுழற்ற எஞ்சின் அதிகம் உழைக்க வேண்டும், முதல் கியருக்கும் முன்பிருந்த இழுவை இருக்காது. பாய் கூட்டிக் கொடுத்ததை அந்த வளைவில் அண்ணாவின் பரிசு தின்றுகொண்டிருந்தது. கணக்கு ஆசிரியர் பின்சீட்டில் இருந்து தாளை எட்டி வாங்கி, இருமுறை சரிபார்த்து, "நான் இதைப் பாத்திருக்கணும்" என்றார். அவர் பிழையை ஒப்புக்கொண்டு நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

அடுத்தது கடினமான பகுதி. கூடத்தில் அண்ணா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். மன்னி எதையும் சுற்றி வளைக்கவில்லை. தாளை அவர் முன் வைத்து நின்றுகொண்டே சொன்னார். அண்ணா முழுக்கக் கேட்டுவிட்டு, "அழகா இருக்குன்னு சொன்னியே" என்றார்.

"இப்பவும் அழகாத்தான் இருக்கு. மலை ஏறலை, அவ்ளோதான்."

"மொதல்லயே சொல்லியிருக்கலாமோல்லியோ?"

"எனக்கே நேத்திக்குத்தானே தெரிஞ்சுது. தெரிஞ்சப்புறமும் உங்க மனசுக்காக ஓட்டிண்டிருந்தா, அங்க ஒருத்தர் கால் நின்னு போயிடும்."

அண்ணா பேப்பரை மடித்தார். பிறகு அந்த வளைவு எப்படி இருக்கும் என்று கேட்டார். மன்னி கையை மடக்கிக் காட்டினார். "பழைய சக்கரத்தை மாட்டச் சொல்லு. இந்த வாரம் நானும் வரேன்" என்றார் அண்ணா.

பழைய சக்கரங்களை மாட்டப் போனபோது நான் பாயிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் ஜாக்கியை ஏற்றியபடியே, "பேப்பர்காரங்க ரெண்டு பக்கமும் கேட்டுட்டு எழுதுவாங்கன்னு நெனச்சுக்கிட்டிருந்தேன் சார்" என்றார். என் தொழிலைப் பற்றி நான் கேட்ட விமர்சனங்களில் மிகச் சுருக்கமானது அது.

அந்த ஞாயிறு காரில் நாங்கள் நால்வர், கட்டில், பைகள். வளைவுக்கு முன்பாகவே மன்னி முதல் கியருக்கு வந்துவிட்டார். உள்ளோரச் சரளையை விட்டு அகலமாகத் திருப்பினார். நானும் செயலாளரும் பழக்கத்தில் கதவின் கைப்பிடியைப் பிடித்திருந்தோம். வண்டி சீராக, பெரிய முனகல் எதுவுமின்றி, வளைவைக் கடந்துவிட்டது. "இதுவா அந்த வளைவு?" என்றார் அண்ணா. நாங்கள் கைப்பிடியை விட்டோம். அன்று மாலை டேங்க் ஒன்பதரை லிட்டர்கூட வாங்கவில்லை.

ஆனால் மேலே போய்ச் சேர்ந்தபோது வராந்தா காலி. வழக்கமாக நாங்கள் வளைவிலிருந்து கட்டிலைச் சுமந்து நடந்து போய்ச் சேர்வதற்குள் எல்லோரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். அன்று ஒருவர்கூட இல்லை. "ஞாயித்துக்கிழமைதானே இன்னிக்கு?" என்று செயலாளர் கேட்டார். ஜீப் பேச்சைக் கேட்டு மனம் விட்டுப்போய்விட்டார்கள் என்று எனக்குத் தோன்றியது. மன்னி கட்டிலை விரித்து, அதன் ஓரத்தில் உட்கார்ந்து, பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார். அரைமணி கழித்துக் கோல் ஊன்றிக்கொண்டு மரவள்ளி விவசாயி வந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் கோபம்.

"எப்ப வந்தீங்க? ஒரு சத்தமும் கேக்கலியே! அந்த வளைவுல உங்க வண்டி கத்துனாத்தான நாங்க வீட்டவிட்டே கெளம்புவோம்?"

அண்ணா வாய்விட்டுச் சிரித்தார். மன்னியும் சிரித்தார், சிரித்துக்கொண்டே விவசாயியின் காலைக் கட்டிலில் தூக்கி வைத்துவிட்டார்.

அதன் பிறகு மன்னி ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். இரண்டு வளைவுகள் கீழே இருக்கும்போதே நீளமாக ஹாரன் அடிப்பார், நடந்து வருபவர்களுக்கு நேரம் வேண்டும் என்று. அதே கார், அதே சக்கரங்கள், வாரம் அதே பத்து லிட்டர், இப்போதும் போய்க்கொண்டிருக்கிறோம். போன ஞாயிறு நாங்கள் கதவைத் திறப்பதற்குள் விவசாயி வராந்தாவில் இருந்தார். கையில் கோல் இல்லை.

"அவ்வளவு கீழயிருந்து எதுக்கு டாக்டரம்மா அடிக்கிறீங்க? கடைசி வளைவுல அடிச்சாப் போதும். நான் வந்துருவேன்."

மன்னி இந்த முறை, தான் டாக்டர் இல்லை என்று திருத்தவில்லை.