வார்டு வாசலில் நான் மறித்த சாமியார்

நோயாளிக்கு எண்ணெய் பூச வந்த பங்குச் சாமியாரை, "ஃபாதர், பெட் மாறி வந்துட்டீங்க" என்று பொய் சொல்லித் திருப்பி அனுப்பப் பார்த்த கத்தோலிக்கன் நான்.

சிதம்பரத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் என் மச்சான், அதாவது மனைவியின் அண்ணன், புற்றுநோயோடு படுத்திருந்தார். எண்ணெயோடு சாமியார் வந்தால் ஆள் பிழைக்காது என்பது திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் குடும்பத்துப் பயம். டாக்டர் கைவிரித்ததையே அவரிடம் மறைத்திருந்தோம்.

பக்கத்து பெட்காரரின் தம்பி, நெற்றி நிறைய விபூதியோடு, தினமும் மச்சான் காதில் ஏதோ கிசுகிசுப்பார். நான் போனால் பேச்சு நிற்கும். சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் பார்க்கிறாரோ என்று அவர் பையைக்கூட ஒருநாள் துழாவினேன். உள்ளே இட்லி இருந்தது.

அன்று மதியம் சாமியாரைத் தன் பைக்கில் அழைத்து வந்ததும் அவர்தான். நான் வாசலை மறிக்க, உள்ளேயிருந்து மச்சானின் குரல் வந்தது.

"மாப்ள, வழிய விடு. நான்தான் இவர்ட்ட சொல்லி வரச் சொன்னேன். உங்கிட்ட கேட்டா பயந்துடுவ."

"உங்களுக்குப் பயமா இல்லையா மச்சான்?"

"போற ஊரு தெரியாது. கூப்புடுறவர அம்பது வருஷமா தெரியும். அப்புறம் என்னா?"

எண்ணெய் பூசிய நெற்றியோடு அன்று நிம்மதியாகத் தூங்கினார். இரண்டு நாளில் போய்விட்டார். கடவுள் அன்பானவர் என்று பூசையில் எத்தனையோ முறை வாசித்திருக்கிறேன்; அவரையும் நான் சந்தேகப் பட்டியலில்தான் வைத்திருந்தேன் என்பது அந்த வாசலில் தெரிந்தது.

அடக்கத்துக்கு வந்த விபூதிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"பரவால்ல சார். வாசல்லயே நின்னு ஆள அளவெடுக்குற மாதிரி பாத்தீங்களா, மொத ரெண்டு நாள் உங்கள சவப்பெட்டிக் கடைக்காரர்னு நெனச்சிட்டேன்" என்றார்.