‘ஓடினரி’ என்றால் சாதாரணம் இல்லை

சென்ற வருடம், கோடையின் சூடான கச்சான் காற்று வீசத் தொடங்கியிருந்த நேரம். கல்குடாக் கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு சிறிய விருந்தினர் விடுதியில் வரவேற்பு வேலை பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் ஆங்கிலம் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு குடும்பம் மாலையில் ‘டீ’ வேண்டும் என்றது. தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுபோய் வைத்தேன். பிள்ளைகள் பசியோடு என் முகத்தையே பார்த்தார்கள். அவர்கள் ஊரில் இரவுச் சாப்பாட்டுக்கும் அதுதான் பெயராம். எல்லோரும் சிரித்தோம். அதோடு விஷயம் முடிந்தது.

இது அப்படிச் சிரித்துவிட்டுப் போகிற கதை இல்லை.

அவுஸ்திரேலியாவிலிருந்து ஒரு வயதான தம்பதி வந்து தங்கியிருந்தார்கள். ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு மனைவி மட்டும் வந்தார். கணவர் வரவில்லையா என்று கேட்டேன். “கொஞ்சம் ஓடினரியாக இருக்கிறார்” என்றார்.

ஓடினரி என்றால் சாதாரணம்தானே. சமையலறைக்குப் போய், “அவர் சாதாரணமாத்தான் இருக்காராம் அக்கா, பிந்தி வருவார்” என்றேன். சமையல்கார அக்கா இடியப்பத்தை மூடி வைத்தபடி வெளியே எட்டிப் பார்த்தார்.

“சாதாரணமா இருக்கிற ஆளுக்கு இந்த அம்மா ஏன் புள்ள இப்பிடி முழிக்கிறா? தேத்தண்ணியையும் தொடல்ல. ஒருக்காக் கேட்டுப் பாரு.”

கேட்க வெட்கமாக இருந்தது. சின்ன வகுப்பிலேயே படித்த சொல் அது. ஆனாலும் போய், உங்கள் ஊரில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். உடம்பு நன்றாக இல்லை என்று அர்த்தமாம். விடியற்காலையிலிருந்து நெஞ்சில் ஏதோ அழுத்துகிறதாம்.

அறைக்கு ஓடினேன். அவர் கட்டிலில் சாய்ந்திருந்தார். முகம் வெளிறி, சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. ஆஸ்பத்திரி என்றதும் கையசைத்து மறுத்தார். வெயிலில் அலைந்த களைப்பு, மத்தியானம் வரை பார்க்கலாம் என்றார். விருந்தினர் சொல்வதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. அன்று கதவை மறித்து நின்று, நீங்கள் சம்மதிக்கும்வரை இந்த இடத்தை விட்டு அசையமாட்டேன் என்றேன். ஆஸ்பத்திரியில் கேட்பார்கள் என்று மனைவி அவருடைய பாஸ்போட்டை எடுத்துத் தன் பைக்குள் வைத்தார். அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தலையசைத்தார்.

நடக்கவிடாமல் கதிரையில் உட்காரவைத்து, அப்படியே தூக்கி விடுதியின் வான் வண்டியில் ஏற்றினோம். வாழைச்சேனை ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்தார்கள். மாரடைப்பு. உடனே மருந்து கொடுத்து, அம்புலன்சில் மட்டக்களப்புக்கு அனுப்பினார்கள்.

நானும் கூடப் போனேன். அங்கே டொக்டர் என்ன கேட்டாலும் கணவர் “பரவாயில்லை” என்றார். “எங்கட பரவாயில்லையா, உங்கட பரவாயில்லையா?” என்று ஒவ்வொரு தடவையும் ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டேன். டொக்டர் சிரித்துவிட்டு, “தங்கச்சி, நீங்க இங்கயே நில்லுங்க” என்றார். மத்தியானம் வரை விட்டிருந்தால் கஷ்டமாகியிருக்கும் என்று பிறகு சொன்னார்.

அவர் குணமாகி, தன் காலால் நடந்து ஊர் திரும்பினார். போகும்போது மனைவி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நின்றார்.

தெரிந்த சொல்லைத் திருப்பிக் கேட்கத்தான் எனக்கு அன்று அதிகத் துணிவு தேவைப்பட்டது. அந்தத் துணிவை நான் இனி விடுவதாக இல்லை.