ஆர்க்டிக் பேனும் என் உத்தியோகமும்

அன்றைய என்னை நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது. 1998, அமெரிக்காவில் பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊர். வேலை செய்ய அனுமதியில்லாத விசாவில் வந்த என் மனைவி, ஒரு பூச்சியியல் ஆய்வகத்துக்குச் சம்பளமில்லாமல் போய்வந்தாள். ஆர்க்டிக் தீவொன்றில் பிடித்த, எள்ளளவுகூட இல்லாத செடிப்பேனை மைக்ராஸ்கோப்பில் வைத்து, காலில் எத்தனை மயிர், உணர்கொம்பு எவ்வளவு நீளம் என்று பக்கம் பக்கமாக எழுதினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விருந்துக்கு வந்த நண்பர்களிடம் சொன்னேன். "இவ ஃபுல் டைமா பேன் பாக்கறாப்பா. அதுவும் ஓசில!"

எல்லோரும் சிரித்தார்கள். அவள் நிதானமாகச் சொன்னாள். "இது புது இனம். இன்னும் பேரே இல்ல. நாங்க எழுதினப்புறம்தான் உலகத்துக்கே தெரியும்."

ஊரிலிருந்து புதிதாக வந்திருந்த நண்பனின் மனைவி என் பக்கம் திரும்பினாள். "நீங்க என்ன பண்றீங்கண்ணா?"

"கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல வருஷம் வெறும் தொண்ணூத்தெட்டுன்னு இருக்கும்மா. ரெண்டாயிரம் வந்தா குழம்பிடும். அதனால முன்னாடி பத்தொம்பது சேக்கறேன்."

"நாள் பூராவா?"

மறுபடியும் எல்லோரும் சிரித்தார்கள். என் மனைவி மட்டும் சிரிக்காமல் என் தட்டில் இன்னொரு வடை வைத்தாள்.

அந்த ப்ரோக்ராம்களை என்றோ தூக்கிப் போட்டுவிட்டார்கள். அந்த வடைதான் இன்னும் தொண்டையிலேயே நிற்கிறது.